ஊர் நடுவே ஓடும் ஆற்றில் ஹெலிகாப்டர் விழுந்தால்: டர்பனின் உம்கேனிக் கரையில் இருப்பவர்களுக்கு

ஹெலிகாப்டருக்குக் கனமெல்லாம் தலையில்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், மேல்விசிறி எல்லாம் கூரைமேல். ஆட்கள் உட்காரும் பகுதி மெல்லிய கூடு. அதனால் தண்ணீரில் இறங்கிய கையோடு பெரும்பாலும் கவிழ்ந்துவிடும். பைலட் பக்குவமாக இறக்கினாலும் அப்படித்தான். கரையில் நிற்பவர் கண்ணுக்கு வயிறும் சறுக்குக் கால்களும் மேலே தெரியும். உள்ளே இருப்பவர்கள் தலைகீழாக, பெல்ட் பிடித்து வைத்திருக்க, தண்ணீருக்குள் இருப்பார்கள். கால்களில் மிதவைப் பைகள் கட்டியிருந்து, அவை சரியாக விரிந்தால் ஹெலிகாப்டர் அடிக்குப் போகாது. ஆனால் நிமிர்ந்தே நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது.

6 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள தண்ணீரில் 30 நிமிடத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்தவர் பிழைப்பது மிக அரிது என்ற கணக்கை வைத்துத்தான் மீட்புக் குழுக்கள் வேலை செய்கின்றன. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தண்ணீர் எந்த மாதத்திலும் அதைவிட வெதுவெதுப்பானது. படகும் முக்குளிப்போரும் வந்து சேர்வதற்குள் அந்த 30 நிமிடத்தில் நல்ல பங்கு கரைந்திருக்கும். ஆகவே இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி சீருடை போட்டவர்களுக்கு அல்ல. ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ப்ளூ லகூனில் தூண்டில் போடுபவர்கள், அஸ்தி கரைக்க வரும் குடும்பங்கள், கரையோர ரிவர்சைடு பகுதியில் வேலை பார்ப்பவர்கள், ஆற்றில் துடுப்புப் போடும் கனூக்காரர்கள், கோயில் தொண்டர் படையில் முதலுதவி படித்தவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறோம். வர்ஜினியா விமானத்தளம் ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே பக்கத்திலேயே இருக்கிறது. சிறிய ஹெலிகாப்டர்கள் இந்தக் கரைமேல் பறப்பது அன்றாடக் காட்சி.

முதல் போன்

எந்த செல்போனிலிருந்தும் 112. ஆம்புலன்ஸுக்கு 10177, போலீசுக்கு 10111. நீர்மீட்புக்கு என்எஸ்ஆர்ஐ (தேசிய கடல் மீட்பு நிறுவனம்) அவசர எண் 087 094 9774. இருவர் இருந்தால் ஒருவர் 112ஐயும் மற்றவர் என்எஸ்ஆர்ஐயையும் அழையுங்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்லிவிடுவார் என்று காத்திருக்க வேண்டாம்.

இணைப்பு பாதியில் அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதனால் இடத்தை முதலில் சொல்லுங்கள். "ப்ளூ லகூன் பக்கம்" என்றால் போதாது. எந்தப் பாலம், அதற்குக் கடல் பக்கமா மேல் பக்கமா, எத்தனை மீட்டர், வடகரையா தென்கரையா என்று சொல்ல வேண்டும்: "உம்கேனி ஆறு, கொன்னாட் பாலத்துக்குக் கடல் பக்கம் 200 மீட்டர், வடகரை ஓரம், ஹெலிகாப்டர் கவிழ்ந்து மிதக்கிறது, இரண்டு பேர் தண்ணீரில் தெரிகிறார்கள்." பிறகு மிதக்கிறதா மூழ்கிவிட்டதா, எரிபொருள் வாடை வருகிறதா, தீ உண்டா, படகு இறக்க வண்டி எந்த வாசல் வழியாக வரலாம் என்பவை. வண்டி வரும் வாசலில் ஓர் ஆளை நிறுத்திவிடுங்கள். ஊருக்குள் நடக்கும் விபத்தில் மீட்பு வண்டி கடைசிச் சில நூறு மீட்டரில் தாமதமாவதுண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கார்கள் இரண்டு வரிசையாக வழியை அடைத்து நிற்கும்.

விழுந்த இடத்தைக் கண்ணிலிருந்து விடாதீர்கள்

எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். ஹெலிகாப்டர் முழுதும் மூழ்கிவிட்டால் தண்ணீர் சட்டென்று ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். அடுத்த அரைமணியில் பத்துப் பேர் பத்து இடத்தைக் காட்டுவார்கள். கலங்கிய ஆற்றில் முக்குளிப்போர் கையால் தடவித்தான் தேட வேண்டும். 20 மீட்டர் பிசகினால் ஓர் உயிர் போய்விடும்.

நீங்கள் பார்த்த இடத்திலேயே நில்லுங்கள். காலுக்கடியில் கல்லை அடுக்குங்கள், அல்லது செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் வையுங்கள். இப்போது மூழ்கிய புள்ளிக்கு நேர் பின்னால் எதிர்க்கரையில் அசையாத ஒரு பொருளைப் பிடியுங்கள்: விளக்குக் கம்பம், பாலத்தின் ஒரு தூண், கட்டடத்தின் ஒரு மூலை. "நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பாலத்தின் இரண்டாம் தூணுக்குக் கைவிரல் இரண்டளவு இடப்பக்கம்" என்று ஒரு கோடு கிடைக்கும். குறைந்தது 50 மீட்டர் தள்ளி நின்று பார்த்த இன்னொருவரிடமிருந்து இன்னொரு கோடு வாங்குங்கள். இரண்டும் வெட்டும் இடத்தில் படகு நங்கூரம் போடும். லொக்கேஷன் போட்ட செல்போனில், பின்னணிக் கட்டடங்கள் தெரியும்படி, ஜூம் செய்யாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். மணியும் அதில் பதிவாகும். குமிழியும் எண்ணெய்ப் படலமும் எழும் இடத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஓட்டம் அவற்றைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். மூழ்கியது அதற்கு மேல்பக்கம் கிடக்கும்.

ஓட்டத்தை அளப்பது எளிது. கரையோரம் 10 மீட்டர் அளந்து, ஒரு குச்சியைப் போட்டு, எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 10 விநாடி என்றால் விநாடிக்கு 1 மீட்டர். அந்த ஓட்டத்தில் நீந்தத் தெம்பில்லாதவர் 10 நிமிடத்தில் 600 மீட்டர் போய்விடுவார். நடு ஆற்றின் வேகம் கரையோரத்தைவிட அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே பார்வையாளர்களைக் கீழே இருக்கும் பாலங்களுக்கு உடனே அனுப்புங்கள்: கொன்னாட் பக்கம் விழுந்தால் ஆத்லோன் பாலத்திலும் எல்லிஸ் பிரவுன் பாலத்திலும் ஆள் நிற்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் கடல் ஏற்றம் உள்ளே வரும். ஏற்ற வேளையில் தண்ணீர் மேல்நோக்கிப் போகும்; மிதப்பவர்களும் மேலேதான் போவார்கள். வற்றம் தொடங்கினால் எல்லாம் கடலை நோக்கித் திரும்பும். அலைநேரம் தெரிந்த தூண்டில்காரர் ஒருவர் அங்கே இருந்தால், மீட்புக் குழுவின் தளபதி வந்ததும் முதலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். மேலே இனாண்டா அணையிலிருந்து தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்பதையும் தளபதி கேட்டறிந்து, முடிந்தால் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

எத்தனை பேர் என்ற கணக்கு அடுத்தது. ராபின்சன் ஆர்22இல் 2 இருக்கை, ஆர்44இல் 4, ஆர்66இல் 5. பெல் 206இல் 5, அதன் நீள வகையில் 7. ஏஎஸ்350 வகையில் பைலட்டோடு 6 அல்லது 7. வாலில் எழுதியிருக்கும் பதிவெழுத்துகளைப் படிக்க முடிந்தால் எழுதி வையுங்கள். அதை வைத்து நிறுவனத்திடம் ஆள்கணக்கு வாங்கலாம். கரையேறியவர்களை ஒரே இடத்தில் உட்காரவைத்துக் கணக்கெடுங்கள். ஒருவர் கூட்டத்தில் கலந்து வீட்டுக்குப் போய்விட்டால், அவரைத் தேடி முக்குளிப்போர் இரவு முழுக்க ஆற்றில் இறங்குவார்கள்.

குதிக்காதீர்கள், எறியுங்கள்

உதவப்போனவர் மூழ்குவது நீர்விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. விசிறி நின்றுவிட்டதைக் கண்ணால் பார்க்கும் வரை அருகே போகவே கூடாது. தண்ணீரில் மோதும் விசிறி முறிந்து, துண்டுகள் கரைவரை பறந்து வரும். அதற்குப் பிறகும் நீந்தி நெருங்குவது ஆபத்து. கவிழ்ந்த கூடு எந்த நேரமும் புரளலாம். வயரும் பெல்ட்டும் காலைச் சுற்றும்.

நீர்நிலைகளில் கம்பத்தில் தொங்கும் இளஞ்சிவப்பு மிதவைகளை என்எஸ்ஆர்ஐ 2017 முதல் வைத்து வருகிறது. பக்கத்தில் ஒன்று இருந்தால் அதுதான் உங்கள் முதல் கருவி. இல்லையென்றால் மூடி இறுகிய காலி தண்ணீர் கேன், ஐஸ்பாக்ஸ், கனூ, லைஃப் ஜாக்கெட், கயிறு கட்டிய பிளாஸ்டிக் டிரம், எது மிதக்குமோ அது. 15 முதல் 20 மீட்டர் எறிகயிற்றுப் பை ஒன்று ஒவ்வொரு கனூவிலும் இருந்தால் நல்லது. எறியும்போது ஆளின் தலையைத் தாண்டி விழட்டும். கயிறு அவர் தோள்மேல் கிடக்க வேண்டும். முன்னால் விழுந்தால் அவரால் எட்டிப் பிடிக்க முடியாது. எறிந்தவர் உடனே உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக் கட்டவே கூடாது. நேராக இழுக்கவும் வேண்டாம். பிடித்து நின்றாலே போதும், ஓட்டமே அவரை வளைத்துக் கரைக்குத் தள்ளிவிடும். பாலத்தின் மேலிருந்து கயிறு போட்டு ஆளைச் செங்குத்தாகத் தூக்கப் பார்ப்பது வீண்வேலை. நனைந்த உடல் கனம், பிடி நழுவும். கயிற்றைப் பிடித்தபடி கரைப்பக்கம் நடந்து வாருங்கள்.

படகு இருந்தால்

1917 அக்டோபரில் உம்கேனி கரைபுரண்டபோது படவட்டான் குழு என்று பெயர்பெற்ற ஆறு பேர் ஒரு மீன்பிடிப் படகில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கரைசேர்த்தார்கள். ஆற்றையும் படகையும் அறிந்த கை இல்லாமல் அது நடந்திருக்காது. இன்றைக்கும் அந்த அறிவு உள்ளவர்தான் படகை எடுக்க வேண்டும். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும்.

நீரோட்டத்துக்கு மேல்பக்கமிருந்து கூட்டை நெருங்கினால், ஓட்டம் படகைக் கூட்டோடு அழுத்திக் கவிழ்த்துவிடும். கீழ்ப்பக்கமிருந்து, முகப்பு ஓட்டத்தை எதிர்த்து நிற்கும்படி மெதுவாக வர வேண்டும். ஆனால் கசிந்த எரிபொருளும் கீழ்ப்பக்கம்தான் வரும். இந்த முரணைத் தீர்க்க, நேர் பின்னால் வராமல் காற்று வீசிவரும் பக்கமாகச் சாய்ந்து வாருங்கள். வாடை கனமாக இருந்தால் மோட்டாரை அணைத்துத் துடுப்பால் போங்கள். சிறிய பிஸ்டன் ஹெலிகாப்டர்களில் நீலநிற ஆவ்காஸ் இருக்கும். அது பெட்ரோல் போலவே எந்த வெயிலிலும் ஆவியாகித் தீப்பற்றும். டர்பைன் வகைகளின் ஜெட் ஏ-1 மண்ணெண்ணெய் சார்ந்தது. 38 டிகிரிக்குக் கீழே எளிதில் பற்றாது, ஆனாலும் நுரையீரலைக் கெடுக்கும். இரண்டாவது படகு இருந்தால் அது கூட்டுக்குப் பக்கமே போக வேண்டாம். 50, 60 மீட்டர் கீழே நின்று, மிதந்து வருபவர்களை வாங்கிக்கொள்ளட்டும். முதலில் காப்பாற்ற வேண்டியவர்கள் அவர்களே.

கூட்டுக்குப் பக்கத்தில் புரொப்பெல்லரைச் சுற்றவிடாதீர்கள். படகைக் கூட்டோடு முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். மிதவை ஒன்று கிழிந்தால் படகையும் சேர்த்து இழுக்கும். ஆனால் ஒரு வேலை செய்யலாம், செய்ய வேண்டும்: சறுக்குக் கால்களை இணைக்கும் குறுக்குக் குழாயில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையில் பெரிய மிதவையைக் கட்டிவிடுங்கள். கயிறு ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். கூடு மூழ்கினாலும் மிதவை இடத்தைக் காட்டும். வால்பகுதியிலோ விசிறியிலோ கட்டினால் முறிந்து வந்துவிடும். விரியாத மிதவைப் பையையும் அதன் அழுத்தச் சிலிண்டரையும் வெட்டவோ தட்டவோ கூடாது. திடீரென விரிந்தால் முகத்தில் அடிக்கும்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள்

இது பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஆனாலும் ஆழமில்லாத இடத்தில் கூடு தரைதட்டி, அசையாமல் கிடந்தால் கரையில் இருப்பவர்களே கதவை எட்ட முடியும். அப்போது மனத்தில் இருக்க வேண்டியது: எல்லாம் தலைகீழ். தரை மேலே, கூரை கீழே. கதவுக் கைப்பிடி இருக்கையைப் பொறுத்து எங்கே இருந்ததோ அங்கேதான் இருக்கும். உங்களைப் பொறுத்துத்தான் மாறியிருக்கும். உள்ளே தண்ணீர் நிறையும் வரை கதவு திறக்காது, அழுத்தம் பிடிக்கும். கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக். ஒரு மூலையில் ஓங்கி அடித்தால் பிளக்கும், விளிம்பு கத்தி போல இருக்கும், கையுறை வேண்டும்.

பெல்ட்டை அவிழ்க்கத் திணறாதீர்கள், வெட்டுங்கள். கார்களுக்கு விற்கும் பெல்ட் வெட்டி போதும். தண்ணீர் இல்லாத பகுதியில் தொங்குபவராக இருந்தால் முதலில் ஒருவர் தோளையும் தலையையும் தாங்கிக்கொண்ட பிறகே வெட்ட வேண்டும்; இல்லையென்றால் கழுத்து மடங்க விழுவார். மடிப்பட்டை, தோள்பட்டை இரண்டையும் வெட்டியாயிற்றா என்று கையால் தடவிப் பாருங்கள். கதவில்லாமல் படமெடுக்கப் பறப்பவர்கள் முதுகில் இன்னொரு கயிறும் கட்டியிருக்கலாம். 2018 மார்ச் 11 அன்று நியூயார்க் ஈஸ்ட் ரிவரில் இறங்கிய ஹெலிகாப்டரில் பைலட் தப்பினார்; பயணிகள் ஐந்து பேரும் மூழ்கி இறந்தார்கள். அவர்கள் அணிந்திருந்த கூடுதல் கவசப்பட்டையின் கொக்கி முதுகுப்பக்கம், தாங்களே எட்ட முடியாத இடத்தில் இருந்தது. ஒரு பக்க மிதவைப் பைகள் முழுதாக விரியாததால் ஹெலிகாப்டர் உடனே கவிழ்ந்தது. அந்த மாதமே அமெரிக்க விமானத்துறை, சட்டென்று கழற்ற முடியாத கூடுதல் பட்டைகளோடு கதவில்லாப் பறப்பைத் தடைசெய்தது. எனவே இருக்கை பெல்ட்டை வெட்டியும் ஆள் வரவில்லை என்றால், முதுகைத் தடவுங்கள்.

நீங்களே பயணியாக இருந்தால் வரிசை இது: ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, விசிறியும் கூடும் அடங்கும் வரை பொறுங்கள். கதவையோ ஜன்னலையோ திறங்கள். அதன் பிறகுதான் பெல்ட்டைக் கழற்றுங்கள். பிடித்த கையை விடாமல் வெளியே வாருங்கள். பெல்ட்டை முந்திக் கழற்றினால் உடல் மிதந்து திசை தெரியாமல் போகும், கதவைத் தள்ள ஊன்றிக்கொள்ளப் பிடிமானமும் இருக்காது. லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகே ஊதவிடுங்கள். உள்ளேயே ஊதினால் அது உங்களைக் கவிழ்ந்த தரையோடு அழுத்திவைத்துவிடும்.

கரைக்கு வந்தவருக்கு

மூச்சில்லை என்றால் மூச்சுதான் முதல் மருந்து. ஐரோப்பிய முறையில் முதலில் 5 மூச்சு, அமெரிக்க முறையில் 2. எதைப் படித்தீர்களோ அதைச் செய்யுங்கள். பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு. பெரியவருக்கு நெஞ்சு 5 முதல் 6 செ.மீ. அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120. வாயிலிருந்து நுரை வந்துகொண்டே இருக்கும். துடைத்துக்கொண்டு இருக்காதீர்கள், மூச்சைக் கொடுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது இரண்டும் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போகும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி போடும் முன் நெஞ்சை நன்றாகத் துடைத்து, எரிபொருள் நனைந்த துணியைத் தள்ளி வையுங்கள்.

மோதி விழுந்தவர்களுக்குக் கழுத்தும் முதுகும் அடிபட்டிருக்கலாம். மூச்சு இருந்தால் படுத்தவாக்கில், தலை அசையாமல் தூக்குங்கள். மூச்சு இல்லையென்றால் அதற்காக ஒரு விநாடியும் தாமதிக்கக் கூடாது. எரிபொருளில் நனைந்தவரின் துணியை வெட்டி எடுத்து, தோலைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது விட வேண்டும். எரிபொருளை விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்காதீர்கள். தண்ணீர் குடித்து எழுந்து "ஒன்றுமில்லை" என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்து வரக்கூடும்.

கூட்டம், சான்று, ஆறு

ட்ரோன் பறக்கவிடாதீர்கள்; மீட்பு ஹெலிகாப்டர் அதனால் திரும்பிப் போக நேரும். அது வந்து தாழும்போது விசிறிக்காற்று மிதப்பவர்கள் முகத்தில் தண்ணீரை அறையும், கரையில் துணி, குடை, மிதவை எல்லாம் பறக்கும், எல்லாவற்றையும் கட்டிவையுங்கள். மூழ்கிய ஹெலிகாப்டரின் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி தண்ணீருக்கடியிலிருந்து செய்தி அனுப்பாது. ஆகவே செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று இருக்கக் கூடாது.

ஆள்களை எடுப்பதற்காக அன்றி எதையும் நகர்த்தாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் விமான விபத்துகளை அதற்கென்றே உள்ள விசாரணைப் பிரிவு ஆராய்கிறது. ஒரு சுவிட்சைத் தொட நேர்ந்தால், முன்பு எந்த நிலையில் இருந்தது என்று படம் எடுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த கேமரா, ஜிபிஎஸ், செல்போன் எதையும் காயவைக்கவோ ஆன் செய்யவோ வேண்டாம். வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் போட்டு ஒப்படையுங்கள். காற்று பட்டால் துரு வேகமாக ஏறும்.

கசிந்த எண்ணெய் பீச்வுட் அலையாத்திக் காட்டுக்குள் போகாமல் தடுப்பது நகராட்சிக் குழுவின் பொறுப்பு. மிதவைத் தடுப்பை ஆற்றுக்கு நேர்க்குறுக்கே போட்டால், ஓட்டம் விநாடிக்கு 0.35 மீட்டரைத் தாண்டும்போது எண்ணெய் அடியில் நழுவிவிடும். சாய்வாகப் போட்டு ஒரு கரைக்கு ஒதுக்க வேண்டும். டிடர்ஜென்ட் ஊற்றவே கூடாது.

கடைசியாக, ஆற்றில் இறங்கிய ஒவ்வொருவருக்கும்: உம்கேனியின் கீழ்ப்பகுதியில் சாக்கடை கலப்பது தெரிந்த செய்தி, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நிலைமை மிக மோசமானது. அன்றே சோப்புப் போட்டுக் குளித்து, காயங்களைக் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். அடுத்த 2 முதல் 30 நாள்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்து ஆறுகளில் பில்ஹார்சியாவும் உண்டு. சில வாரம் கழித்துச் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் அதற்கும் சோதனை செய்ய வேண்டும்.